ஏழு பேர் நடுவில் கேட்ட கேள்வி

அம்முணி,

இதை நீ படிக்கும்போது உனக்கு இருபத்து மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். இப்போது ஏழு. ஒரு உறையில் போட்டு உன் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அவள் பத்திரமாக வைத்திருப்பாள், நான் வைத்தால் தொலைத்துவிடுவேன். இதையே இப்போது அச்சுக்கும் கொடுக்கிறேன். இதில் உள்ள தப்பை இன்றைக்குச் செய்துகொண்டிருக்கிற அப்பாக்களும் டாக்டர்களும் பதினாறு வருடம் காத்திருக்க முடியாது. அதனால் இதில் வருகிற பெயர்கள் உண்மைப் பெயர்கள் இல்லை. உன் பெயரை எழுதவே இல்லை. இருபத்து மூன்று என்று ஏன் சொன்னேன் என்றால், நான் சொல்லப் போகிற நவீனுக்கு அப்போது அந்த வயது. அந்த வயதில் உன் கட்டில் பக்கத்திலும் ஒரு டாக்டர் வந்து நிற்கலாம். வாட்சைப் பார்த்துக்கொண்டே நாலு கேள்வி கேட்கலாம். அவர் என்னைப் போன்ற ஆளாக இருந்தால் நீ என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீயும் அம்மாவும் பெங்களூர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் நாமக்கல்லில் அதே வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உனக்குப் போன் செய்வேன். "நல்லா இருக்கியா சாமி?" "நல்லா இருக்கேன்ப்பா." "ஸ்கூல்ல ஒண்ணும் பிரச்சனை இல்லல்ல?" "இல்லப்பா." "சரி, அம்மாகிட்ட குடு." எத்தனை நேரம் பேசினோம் என்று போனே காட்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டிய வாரம் குறைவு. நீ சொன்னது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். புது ஊர், புது பாஷை, புதுப் பள்ளிக்கூடம். அதில் ஏழு வயசுப் பிள்ளைக்குப் பத்து மாதமாக ஒரு பிரச்சனையும் இல்லை என்றால் நம்ப நான் தயாராக இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். நீ இனி எப்போதாவது என்னிடம் உள்ளதைச் சொல்வாயா? எனக்கு இப்போது இருக்கிற கவலை அது ஒன்றுதான்.

என் வேலையைப் பற்றி உனக்கு ஏழு வயதில் தெரிந்ததெல்லாம், அப்பா எல்லாரையும் தூங்கவைக்கிறவர் என்பது. சரிதான். மயக்க மருந்து டாக்டர். எனக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று ஏழெட்டு நர்சிங் ஹோமிலிருந்து கூப்பிடுவார்கள். கார் டிக்கியில் பை இருக்கும். போவேன், மயக்கம் கொடுப்பேன், எழுப்பிவிடுவேன், அடுத்த ஊருக்குக் கிளம்புவேன். நோயாளிக்கு சர்ஜனின் பெயர் தெரியும். நர்ஸின் பெயர்கூடத் தெரியும். நான் யாரென்று தெரியாது. நான் பேசுகிற ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்கள். கண் மூடும் முன் கடைசியாக அவர்கள் பார்ப்பது தலைகீழாகத் தெரிகிற என் முகம். எழுந்த பிறகு அது நினைவிருக்காது. இந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். மெஷின் பொய் சொல்லாது. ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டு என்றால் தொண்ணூற்றெட்டு. மனிதர்கள் ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. 'சுருக்கமா சொல்லுங்க' என்பதுதான் நான் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும். வீட்டிலும்.

உன் கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், உனக்கு மறந்திருக்கும். யுகேஜி படிக்கும்போது ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரத்திலிருந்து விழுந்தாய். மிஸ் அம்மாவுக்குப் போன் செய்தார், அம்மா எனக்குச் செய்தாள். நான் ராசிபுரத்தில் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "குழந்தைகிட்ட குடு" என்றேன். "என்ன சாமி, வலிக்கலல்ல? பெரிய பொண்ணாச்சே நீ." "வலிக்கலப்பா." "பாத்தியா, ஒண்ணுமில்ல. ஐஸ் வை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். சனிக்கிழமை உன்னைக் குளிக்கவைக்கும்போது மணிக்கட்டு வீங்கியிருந்ததை அம்மா பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் கீறல். சேலத்துக்கு எலும்பு டாக்டரிடம் போகிற வழியில், பின் சீட்டில் அம்மா உன்னைக் கேட்டாள்: "ரெண்டு நாளா வலிச்சிருக்குமே கண்ணு, ஏன் சொல்லல?" நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்பாதான் வலிக்கலைன்னு சொல்லுச்சு" என்றாய். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த மாசி மாதத்தில் நவீன் வந்தான். திருச்செங்கோடு பக்கம் ஒரு நர்சிங் ஹோம். சர்ஜன் வயதில் பெரியவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, அப்பெண்டிக்ஸ் ஒண்ணுங்க. சின்னப் பையன், நல்ல ஆரோக்கியம். பன்னண்டு மணிக்கு வந்துட்டீங்கன்னா ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிரலாம்" என்றார். போனேன். கட்டிலைச் சுற்றி ஏழு பேர். நவீனின் அப்பா லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். பக்கத்தில் அம்மா, தாய்மாமன். நிச்சயம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் மாமனார், அவர் தம்பி, மாமியார், கட்டிக்கொள்ளப் போகிற பெண் கீர்த்தனா என்று பெண் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பையும் கட்டில்மேலேயே. நம் பக்கத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சம்பந்தி வீட்டார் கிளம்பி வந்து நிற்கும்போது, 'கொஞ்சம் வெளியே இருங்கள்' என்று சொன்னால் அது அவமரியாதை. அதைச் சமாதானப்படுத்த ஐந்து நிமிடம் ஆகும். என்னிடம் ஐந்து நிமிடம் இல்லை என்று நினைத்தேன்.

படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருக்கும். சர்க்கரை, ஆஸ்துமா, முன்பு ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை. எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் பழக்க வழக்கம். பேனாவை ஏற்கனவே 'இல்லை' கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"சிகரெட், தண்ணி, அந்த மாதிரி ஒண்ணும் இல்லல்ல?"

நவீன் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா பதில் சொன்னார். "எங்கூட்டுப் பையன் டீக்கடைப் பக்கமே போக மாட்டானுங்க. காப்பி குடுத்தாக்கூட வேண்டாம்பானுங்க."

"அதப் பாத்துத்தானுங்க பொண்ணே குடுக்கறோம்" என்றார் மாமனார்.

"அப்பறம் என்ன, பாலக் குடுத்து வளத்திருக்காங்க" என்று தாய்மாமன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நவீனும் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. வறட்டு இருமல். "ரெண்டு வாரமா காய்ச்சலும் இருமலுமுங்க, வைரஸாம்" என்றார் அம்மா. நான் டிக் போட்டேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன், மறைக்காமல். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் கீழ்ப் பக்கம் லேசான மூட்டம் இருந்தது. காய்ச்சலின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்று நான்கு காட்டியது. இருபத்து மூன்று வயசுப் பையனுக்கு அது குறைவு. வயிற்று வலியில் முழு மூச்சு எடுக்கவில்லை, அதனால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின் பொய் சொல்லாது என்று பெருமை பேசுகிறவன், மெஷின் சொன்னதையும் கேட்கவில்லை. அப்பெண்டிக்ஸ் வீங்கியிருந்தது நிஜம், ஆபரேஷன் தேவைப்பட்டதும் நிஜம். ஆனால் நல்ல நுரையீரல் உள்ள ஆளுக்குக் கொடுப்பது போல மயக்கம் கொடுத்தேன்.

குழாயை மூச்சுக்குழலில் இறக்கிய அடுத்த நிமிடம் அவன் மார்பு இறுகிக்கொண்டது. குழாயோடு இணைத்த மூச்சுப் பையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஈர மணல் மூட்டையை அமுக்குவது போல இருந்தது. மானிட்டரின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் அளவு குறையக் குறைய அந்த 'டிக் டிக்' சுருதியும் இறங்கும், திரையைப் பார்க்காமலே தெரியும். தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது. குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மூச்சுக்குழலை விரிக்கிற மருந்தைக் குழாய் வழியாக அடித்தேன், மயக்கத்தை ஆழமாக்கினேன். "லேப்ராஸ்கோபிக்கு வயித்துல காத்தடிக்க வேண்டாம் சார், திறந்தே பண்ணிடுங்க, சீக்கிரம்" என்று சர்ஜனிடம் கத்தினேன். அவர் அப்படியே செய்தார். சின்னச் சின்ன மூச்சாக, மூச்சின் முடிவிலும் கொஞ்சம் அழுத்தம் விட்டுவைத்து, நுரையீரல் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொண்டேன். எண்பத்தெட்டுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. குழாயை எடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் ஆம்புலன்ஸ் சேலத்துக்குக் கிளம்பியது. நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து போனேன். பின்னால் இரண்டு காரில் அந்த ஏழு பேரும். சங்ககிரி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி வழியாக அவன் அப்பா முன் சீட்டில் கைகூப்பியபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிக்கொண்டேன்.

சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஸ்கேனில் நுரையீரல் இரண்டும் வெள்ளை வெள்ளையாக இருந்தன. எந்தக் கிருமியும் கிடைக்கவில்லை. மூன்றாவது நாளும் வென்டிலேட்டரில்தான் இருந்தான். அங்கிருந்த நெஞ்சக டாக்டர் ஒரு பெண்மணி, என்னைவிட இளையவர். "இது ஏதோ உள்ள போன நுரையீரல் சார். பையன் எதையோ இழுத்திருக்கான். பட்டறையில பெயின்ட் அடிப்பானா? வேப் பண்ணுவானா? நீங்கதான முதல்ல பாத்தீங்க, என்ன சொன்னான்?" என்று கேட்டார். 'இல்லைன்னு சொன்னான்' என்று சொல்ல வந்தேன். அவன் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் அப்பாதான் சொன்னார். வேப், அதாவது எலெக்ட்ரானிக் சிகரெட் உண்டா என்று நான் கேட்கவும் இல்லை. நம் நாட்டில் அதை விற்கவே தடை. தடை என்றால் திருச்செங்கோட்டில் யாரிடமும் இருக்காது என்று என் மண்டையில் எங்கேயோ ஒரு முடிவு இருந்திருக்கிறது.

வராந்தாவுக்குப் போனேன். "எல்லாரும் கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க, யாராவது ஒருத்தர் மட்டும் இருந்தாப் போதும்" என்றேன். பெரியவர்கள் போனார்கள். கீர்த்தனா மட்டும் சுவரோரம் நின்றாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நோயாளியின் ஆட்களோடு நான் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "என்னம்மா இழுப்பாரு?" என்றேன். இழுப்பாரா என்று கேட்கவில்லை.

அவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். விரல் நீளம், நீல நிறம், பேனா டார்ச் மாதிரி இருந்தது. முகர்ந்தால் மாம்பழ மிட்டாய் வாசனை.

"காலேஜ்ல இருந்து பழக்கமுங்க. இது சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுவாருங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் வாராங்கன்னு தெரிஞ்சதும், என்கிட்ட குடுத்து மறைச்சு வைக்கச் சொன்னாருங்க."

"அப்ப நான் கேக்கும்போது..."

"பையிலதானுங்க இருந்துச்சு. உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஒரு வார்த்தை!" என்று குரலை உயர்த்தினேன்.

அவள் அழவில்லை. நேராகப் பார்த்தாள். "எங்கப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. நீங்க பேனாவத் திறந்து வெச்சுக்கிட்டு, இல்லைன்னு எழுதத்தான் கேட்டீங்க. யாருங்க சொல்லுவாங்க? நீங்க சொல்லுவீங்களா?"

நான் சொல்ல மாட்டேன். என் அப்பா முன்னால், மாமனார் முன்னால், சாகப் போகிறேன் என்று தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதை அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை, உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். "ஊட்டுல தெரிஞ்சா கல்யாணம் நின்னுருமுங்க. எனக்குந்தான் பேரு கெடும், தெரிஞ்சே மறைச்சான்னு" என்றாள். நான் நெஞ்சக டாக்டரிடம் மட்டும் சொன்னேன். கேஸ் ஷீட்டில் எழுதினோம். சொந்தக்காரர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது நவீன் கண் விழித்த பிறகு அவனே முடிவு செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் ஆக்சிஜன் தேவை குறைந்தது. அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்தான். அவன் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்து காப்பாத்துனீங்க" என்றார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பையில் விட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேனா? இல்லை. "கேஸ் கொஞ்சம் சிக்கல், முடிஞ்சிருச்சு" என்றேன். ஒரு பாடம் படித்தவன் மறுநாளே மாறிவிடுவான் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரியில் மட்டும் மாறினேன். கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நின்றாலும், "பரிசோதிக்கணும், எல்லாரும் வெளிய இருங்க" என்று கறாராகச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் கேட்கிறேன். வீட்டில் அதே பழைய ஆள். வேலைக்கு அங்கே வரச் சொல்லி அம்மாவுக்கு பெங்களூர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்த வாரத்தில், காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "இங்கயே இருந்து வேலை பாக்கறதுல உனக்கொண்ணும் கஷ்டமில்லல்ல?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். நான் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனி மாதம் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பினீர்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது, "எத்தன தடவ கேட்டேன், ஒரு தடவையாவது சொன்னியா?" என்று அவளிடம் கத்தினேன். "நீங்க கேக்கறது கேள்வி இல்லீங்க. பேப்பர நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. நானும் போட்டுப் போட்டு அலுத்துட்டேன்" என்றாள். நீ முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு டாட்டா காட்டினாய். அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. சண்டை போடுகிற அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

நீங்கள் போன அடுத்த மாதம் நவீன் மறுபடி வந்தான். அந்த ஆபரேஷன் தையல் இருமி இருமி உள்ளே விட்டுப்போய், குடல் பிதுங்கிக்கொண்டிருந்தது. தைக்க வேண்டும். கல்யாணம் ஆவணியில். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் அவசரப்பட்டார்கள். இந்த முறை எல்லாரையும் வெளியே அனுப்பினேன். நாற்காலியில் உட்கார்ந்து, "கடைசியா எப்ப இழுத்தீங்க?" என்றேன். அவன் கூரையில் சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாட்சைப் பார்க்கவில்லை. அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் கழித்து, "நாலு நாளைக்கு முன்னாடிங்க. விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரே ஒரு நாள்... மூணு தடவைங்க" என்றான். "ஆபரேஷன் பண்ண மாட்டீங்கல்ல?"

பண்ண மாட்டேன். இது உயிர் போகிற அவசரம் இல்லை, திட்டமிட்டுச் செய்வது. நுரையீரல் இன்னும் ஆறாத ஆளை, மறுபடி புண்ணாக்கிக்கொண்டு வந்தவனை, மேசையில் போட முடியாது. ஆறு வாரம் தள்ளினேன். ஆவணி போனால் நடுவில் புரட்டாசி, கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஐப்பசிக்குத்தான். வெளியே வந்து, "நெஞ்சு இன்னும் தேறலைங்க. நான் மயக்கம் குடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, முழுசும் இல்லை. அவன் அப்பா, போன தடவை என் கையைப் பிடித்த அதே மனிதர், நான் நிற்கும்போதே சர்ஜனிடம் திரும்பி, "இவரு ஒரு தடவ பட்டு பயந்துட்டாருங்க. தைரியமான டாக்டரா வேற ஒருத்தரப் பாக்கலாமுங்களா?" என்றார். "தம்பி, ஆறு வாரம் அதிகமுங்க" என்று சர்ஜனும் முணுமுணுத்தார். அதன் பிறகு மூன்று வாரம் அவர் எனக்குப் போன் செய்யவில்லை. பரவாயில்லை. உண்மையைச் சொன்ன ஒருவனுக்கு அந்த உண்மையால் நஷ்டம் வந்தது; அந்தப் பழியையாவது நான் வாங்கிக்கொள்ள முடிந்தது. நான் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த தடவை அவன் என்னிடம் சொல்ல மாட்டான்; அடுத்த தடவை அவனைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். கணக்கு அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து நெஞ்சக டாக்டர் ஊதச்சொல்லிப் பார்த்து, ஸ்கேன் பார்த்து, சரி என்றார். நான் அவனைத் தூங்கவைக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்கு மேல் வரை மரத்துப்போகச் செய்தேன். தொண்டைக்குள் குழாய் இல்லை, நுரையீரலை யாரும் சீண்டவில்லை. தலையைக் கொஞ்சம் உயர்த்திவைத்தேன். நடுவில் துணித் திரை; அந்தப் பக்கம் சர்ஜன், இந்தப் பக்கம் அவனும் நானும். ஒன்றரை மணி நேரம். தலைகீழாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க மட்டும் ஏன் சார் தனியா இருக்கீங்க? கீர்த்தனா சொன்னா" என்று கேட்டான். யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்று தெரியவில்லை. நாமக்கல் சின்ன ஊர். "ஆழமா மூச்சு இழுங்க" என்றேன். இழுத்தான். மானிட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, கேஸ் இருந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நாள் யாராவது உன் கட்டில் பக்கத்தில் நின்று நாலு பேர் நடுவில் கேட்டால், "தனியாச் சொல்லணும் டாக்டர்" என்று சொல். அவர் முகம் சுளிப்பார், விடு. எதை இழுத்தாலும், எதைக் குடித்தாலும், பழ வாசனை வந்தாலும், வெறும் ஆவி என்று யார் சொல்லியிருந்தாலும், தூங்குவதற்கு முன் சொல்லிவிடு. உன்னைத் தூங்கவைக்கிறவருக்கு அது தெரியாவிட்டால் அவர் இருட்டில் வண்டி ஓட்டுகிறார். என்னிடமும் சொல். திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவேன். உன்னிடம் யாராவது எதையாவது சொல்ல வந்தால், நீயாவது பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் செய்தேன். உனக்கு முழுப் பரீட்சை லீவு வருகிறது. ஒரு மாதம் இங்கே வருவாய் என்று உன் அறைக்கு மஞ்சள் திரை போட்டு, பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, பெல்லும் மாற்றி வைத்திருந்தேன். 'லீவுக்கு இங்க வாரல்ல?' என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "லீவுல என்ன பண்ணலாம்னு நெனைக்கற சாமி?" என்றேன். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தேன். மூச்சு நின்ற நோயாளிக்கு நாங்கள் மனசுக்குள் விநாடி எண்ணுவோம், அது போல எண்ணினேன். பத்து. இருபது. முப்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். நீ போனில்தான் இருந்தாய், உன் மூச்சு கேட்டது.

"நான் அங்க வரலப்பா" என்றாய். "அங்க வந்தா நீ இருக்க மாட்ட."

'அப்பிடியெல்லாம் இல்ல கண்ணு' என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். சொல்லவில்லை. மேசைமேல் எழுதாத மயக்க மருந்துத் தாள் ஒன்று கிடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடித் துடிப்பைக் குறிக்கிற கட்டங்கள் போட்ட தாள். அதைத் திருப்பிப் போட்டு, நீ சொன்னதை அப்படியே எழுதினேன். "வேற?" என்றேன்.

நீ சொன்னாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நர்ஸ் அக்கா மேசையில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அந்த ஃபினாயில் வாசனை உனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூட பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கன்னடம் புரிந்த மாதிரி நடிக்கிறாய். அம்மா சில நாள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுகிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் உனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் "வேற?" என்று மட்டும் கேட்டேன். போனில் நேரத்தைப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தபோது இருபத்தாறு நிமிடம். நீ லீவுக்கு வரப்போவதில்லை. மஞ்சள் திரை இருக்கட்டும். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மொத்தம் எட்டு இருக்கிறது. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை என்பதை நீயே பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாவது வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. முடிந்துவிட்டது என்று நினைத்து, "சரி சாமி" என்று சொல்ல இருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"அப்பா" என்றாய். "அன்னைக்குக் கை வலிச்சுதுப்பா."